நாளைக்குக் கடல்

டிரைவரம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவளே அவளுடைய நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில், விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில், "எங்க டிரைவரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா, ஏத்திடப் போறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். கூடமே சிரித்தது. புருஷனும் சிரித்தார். நகரப் பேருந்து ஓட்டுகிற வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது அவளுக்கு. அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! அந்தப் பெருமையைத் தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டாள் மகராசி. பெயர் ஒட்டிக்கொண்டது. தெருவில், டிப்போவில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் வாயில் எல்லாம் அவள் டிரைவரம்மாதான். சரி, அது போகட்டும். பட்டப்பெயருக்கெல்லாம் பழிவாங்கக் கிளம்பினால் சொந்தபந்தத்தில் ஒருத்தர் மிஞ்ச மாட்டார்.

இது வேறு விஷயம். இதைச் சொல்வதற்குக் கேரவனிலிருந்து தொடங்க வேண்டும்.

கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற பங்களாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். யாரோ ஓட்டி அலுத்து விற்ற பழைய வண்டி. பெட்டி போல உடம்பு. முன்னால் இரண்டு இருக்கை, நடுவில் ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பகலில் மேசையாகவும் ராத்திரியில் கட்டிலாகவும் இரண்டு வேலை பார்க்கிற ஒரு பலகை, கடைசியில் மெத்தை போட்ட நிரந்தரக் கட்டில். அந்தக் கட்டிலை ஒட்டினாற்போல் வண்டியிலேயே பெரிய ஜன்னல். அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் டிரைவரம்மா வண்டியை வாங்கினாள். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே ஒரு மலையோ ஏரியோ தெரிய வேண்டும். எழுந்து யாருக்கும் வெந்நீர் வைக்கக் கூடாது, யாரையும் புரட்டிப் படுக்க வைக்கக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். இதைப் பேராசை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

மாமியார் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கண்ணை மூடிய நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டவள் அவள்தானே! விடியற்காலை வண்டியை எடுத்து, மதியம் டிப்போவில் விட்டுவிட்டு, சாப்பிட்ட கை காயாமல் வீட்டுக்கு ஓடி வருவாள். வந்து அந்த அம்மாளைத் துடைத்து, துணி மாற்றி, சோறு ஊட்டி, முதுகு தேய்த்துவிடுவாள். புருஷன் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தார். நல்ல மனிதர், வாயில்லாப் பூச்சி. கடைப் பலகையில் ஒரு எழுத்து விட்டுப்போனால் நடுத்தெருவில் நின்று வருத்தப்படுவார். ஊரில் உள்ள எல்லாப் பிழையும் அவர் கண்ணில் படும், அக்கா செய்கிற பிழை மட்டும் படாது.

கிளம்புவதற்கு முந்தின நாள், திரைச்சீலை எல்லாம் தைத்து மாட்டி முடித்த பிறகு, அந்த மனிதர் டீ டம்ளரைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"அக்காவையும் கூட்டிட்டுப் போலாமா?"

டிரைவரம்மா மிஞ்சிய நூலைச் சுற்றி வைத்தாள்.

"பாவம், இடுப்பு உடைஞ்சதுலேர்ந்து ஒரே ரூம்ல கெடக்குறா. ஜன்னலைத் தொறந்தா எதிர் வீட்டுச் சுவரு. அத்தானும் போய்ச் சேந்துட்டாரு. பையன் எப்பவாவது எட்டிப் பாக்குறான். கடலைப் பாக்கணும், ஒரு தடவை கடலைப் பாக்கணும்னு போன்ல அழுவுறா. நீ வேணாம்னா வேணாம்."

கடலா? அந்த ஒரு வார்த்தையில் டிரைவரம்மாவின் உடம்பு முழுவதும் திகுதிகுவென்று பற்றிக்கொண்டது.

காரணம் இருக்கிறது. மாமியார் வாழ்நாளில் கடலையே பார்த்ததில்லை. நடமாடிய காலத்தில் அடுப்படியை விட்டு நகர நேரமில்லை, நேரம் கிடைத்தபோது கால் எழவில்லை. நாத்தனாரிடமோ கார் இருந்தது, ஓட்ட ஆள் இருந்தது, அவள் சுற்றாத ஊர் பாக்கியில்லை. போகிற இடத்திலெல்லாம் ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவாள். அருவிக்கு முன்னால் நாத்தனார், கோட்டைக்கு முன்னால் நாத்தனார், பூந்தோட்டத்தில் தலை சாய்த்த நாத்தனார். கூடவே போனில் குரல் வரும். "அடுத்த மாசம் நீதாம்மா. உன்னைக் கார்ல தூக்கி வெச்சுக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு."

ஒரு வாடகைக் கார் பிடித்து நாமே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று டிரைவரம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். மாமியார் கேட்கவே இல்லை. "வேணாம் பொண்ணே. அவ ஆசையா சொல்லியிருக்கா. நாம முந்திக்கிட்டா அவ மனசு சங்கடப்படும்." பெற்ற மனசு அப்படி. அந்த மனசை வைத்துக்கொண்டுதான் மகள் விளையாடினாள்.

வருகிற நாள் சொல்வாள். டிரைவரம்மா அன்றைக்கு லீவு போடுவாள். மாமியாரைக் குளிப்பாட்டி, தலை வாரி, இருப்பதில் நல்ல துணியாக உடுத்தி, துண்டும் மாற்றுத்துணியும் வைத்த பையை மடியில் கொடுத்து, வாசல்கதவை ஒட்டி நாற்காலியில் உட்கார வைப்பாள். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அந்த அம்மாளின் கழுத்து நிமிரும். கார் வராது. பொழுது சாய்ந்த பிறகு போன் வரும். திடீர் விருந்தாளி, திடீர்த் தலைவலி, டிரைவர் சொல்லாமல் போய்விட்டான். "அடுத்த மாசம் கண்டிப்பா." இப்படி ஒரு தடவை இரண்டு தடவை என்றால் மறந்துவிடலாம். வருஷக்கணக்கில் டிமிக்கி கொடுத்தாள். கடைசியாக அப்படி உட்கார்ந்த பிறகு மாமியார் நாற்காலியில் உட்காரவே இல்லை, அந்த மாதமே போய்விட்டார்.

சாவு வீட்டில் எல்லோரையும் விட உரக்க அழுதவள் யார் தெரியுமா? "என் அம்மாவுக்குக் கடலைக் காட்ட எனக்குக் குடுத்து வெக்கலையே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் நாத்தனார். ஊரே அவளைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்னது. டிரைவரம்மா டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தட்டை அவள் தலையில் கவிழ்க்காமல் இருந்ததற்கே ஒரு மெடல் கொடுக்கலாம்.

அந்த நாத்தனாருக்குத்தான் இப்போது கடல் பார்க்க வேண்டுமாம்.

"கூட்டிட்டு வாங்க" என்றாள் டிரைவரம்மா. "கடலைத்தானே பாக்கணும்? காட்டிட்டாப் போச்சு."

பிழை திருத்துபவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ மனுஷியே இல்ல. தெய்வம்."

"ஆமாமா. போகப்போகத் தெரியும்" என்று சொல்லி அவள் டம்ளரைக் கழுவப் போனாள்.

நாத்தனார் வந்து இறங்கியபோது கூடவே ஒரு ஆள் உயரப் பெட்டியும் ஒரு வாக்கரும் வந்தன. உடம்பு பாதியாகியிருந்தது, வாய் மட்டும் முழுசாக இருந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கினால்தான் வண்டிப்படி ஏற முடியும், இறங்க முடியும். ஏறியதும் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே ஜன்னல் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். டிரைவரம்மா ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்த ஜன்னல்! பலகைக் கட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு ஆயிற்று.

"டிரைவரம்மா, குலுக்காம ஓட்டு. இது உன் டவுன் பஸ் இல்ல" என்றாள் பின்னாலிருந்து.

"குலுங்கவே குலுங்காது அண்ணி. நிம்மதியா படுங்க."

முதலில் போனது ஒரு அருவிக்கு. பார்க்கிங்கில் இடம் தாராளமாகக் கிடந்தது. பிழை திருத்துபவர் இறங்கித் துண்டை ஆட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றார். "வா, வா, ரைட்ல ஒடி, இன்னும் வா..." அவர் சொல்வதைக் கேட்டு ரிவர்ஸ் எடுத்தால் வண்டி அருவிக்குள்தான் போய் நிற்கும். ஆயுசு முழுக்கப் பேருந்தைச் சந்து பொந்தெல்லாம் திருப்பியவளுக்கு இவர் துண்டு தேவையே இல்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். இடது பக்கம் பாறை மேலிருந்து வெள்ளையாகக் கொட்டுகிற தண்ணீர். வலது பக்கம் கழிப்பறைக் கட்டடம், சுண்ணாம்பு உரிந்த சுவர், வரிசையில் நிற்கிற ஜனம். ஸ்டீரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினாள், பின்னால் எடுத்தாள், கொஞ்சம் முன்னால் வந்தாள், மறுபடி பின்னால் எடுத்தாள். பெரிய ஜன்னல் அச்சுப் பிசகாமல் கழிப்பறைக்கு நேரே போய் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தபோது அவளுக்கு என்ன சுகம் என்கிறீர்கள்! வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எந்த வண்டியை நிறுத்தியும் அப்படி ஒரு திருப்தி வந்ததில்லை.

"சத்தம் கேக்குது, அருவியைக் காணோமே" என்றாள் நாத்தனார்.

"இந்தப் பக்கம்தான் எடம் கெடச்சுது அண்ணி."

பிழை திருத்துபவர் கதவருகே வந்து தலையைச் சொறிந்தார். "அந்தப் பக்கம் காலியாத்தானே இருந்துது?"

"அங்க சரிவு. பிரேக் நிக்காது. வண்டி உருண்டா நீங்க புடிப்பீங்களா?"

பிரேக்கைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பேசாமல் குடையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் அருவியைப் பார்க்கப் போனார்கள். நனைந்து, சிரித்து, ஈரத் தலையோடு திரும்பினார்கள். நாத்தனார் வரிசையில் நிற்கிற ஜனத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு டிரைவரம்மாவுக்குக் கை ஊறிப்போய்விட்டது. ஏரிக்குப் போனார்கள், ஜன்னலுக்கு நேரே ஒரு சரக்கு லாரியின் பின்பக்கம். கோட்டைக்குப் போனார்கள், மதிலுக்கு அரை அடி தள்ளி நிறுத்தினாள், கையை நீட்டினால் கல்லைத் தொடலாம், கோட்டையைத்தான் பார்க்க முடியாது. பூந்தோட்டத்தில் ஜெனரேட்டர் கொட்டகை. மலையுச்சியில் இருக்கிற காட்சி மேடைக்குப் போனபோது ஊரிலுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. அங்கே குப்பைத் தொட்டியைத் தேடிப் பிடிக்க இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. சுற்றினாள். அலுத்துக்கொள்ளவே இல்லை.

ஆரம்பத்தில் நாத்தனார் விடவில்லை. "இந்தக் கோட்டையெல்லாம் நான் எப்பவோ பாத்தாச்சு. மேல ஏறினா ஒரு பீரங்கி இருக்கும். நாங்க வந்தப்போ அது மேல உக்காந்து ஃபோட்டோ எடுத்தோம்" என்று மதிலைப் பார்த்துக்கொண்டே தம்பிக்கு விளக்கினாள். தம்பியும் உம் கொட்டினார். டிரைவரம்மா அடுப்பில் டீயைக் கலக்கியபடி, சொல்லு சொல்லு, எவ்வளவு நேரம் சொல்கிறாய் பார்க்கலாம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். போகப்போக விளக்கம் குறைந்தது. திரைச்சீலையை அவளே இழுத்து மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"கடல் எப்ப வரும்?"

"நாளைக்கு, அண்ணி."

மறுநாளும் கேட்பாள். மறுநாளும் நாளைக்குத்தான். அந்த 'நாளைக்கு' என்ற சொல்லை டிரைவரம்மா எப்படிச் சொன்னாள் என்கிறீர்கள்? தேன் தடவி, பல் தெரிய, தலையை லேசாக ஆட்டி, நாத்தனார் போனில் 'அடுத்த மாசம்' சொல்கிற அதே ராகத்தில் சொன்னாள். சாலை கடற்கரைக்கு இணையாகவே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மேடு மட்டும்தான். இரண்டு தடவை வழிகாட்டிப் பலகை வந்தது, இரண்டு தடவையும் மறுபக்கம் திருப்பினாள். ஒரு நாள் காற்று வேகமாக அடித்தது. நாத்தனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினாள்.

"உப்புக் காத்து வருதே! பக்கத்துலதான் இருக்கு."

"முன்னாடி மீன் லாரி போகுது அண்ணி."

பக்கத்து இருக்கையில் பிழை திருத்துபவர் முன்னாலும் பார்த்தார், பெண்டாட்டியையும் பார்த்தார். சாலையில் எந்த லாரியும் இல்லை. பிறகு, வழியில் வந்த ஓட்டல் பலகையில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது என்றார்.

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. இதற்குமேல் இழுக்க முடியாது என்று தெரிந்ததும் டிரைவரம்மா ஒரு வழியாகக் கடல் பக்கம் திரும்பினாள். கேரவன்கள் தங்குகிற இடம் ஒன்று அங்கே இருந்தது. வண்டிக்கு ஒரு குழாய், ஒரு மின்சார இணைப்பு, ஒரு மரம். அங்கிருந்து கடலுக்கு ஒரு குறுகலான மணல்பாதைதான், கேரவன் போகாது, நடக்கிறவர்கள் நடக்கலாம், முடியாதவர்களுக்குச் சின்னக் கார் பிடிக்க வேண்டும். மேடு மறைத்தது. அலைச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணி, இன்னைக்குக் கடல்" என்றாள் காலையில்.

நாத்தனாரின் முகம் குழந்தை முகமாகிவிட்டது. டிரைவரம்மா வெந்நீர் வைத்தாள். உடம்பைத் துடைத்துவிட்டாள், முதுகைத் தேய்த்துவிட்டாள், பெட்டியிலிருந்து நல்ல துணியாக எடுத்து உடுத்திவிட்டாள், எண்ணெய் வைத்துத் தலை வாரினாள். எலும்பும் தோலுமாக இருந்த அந்த முதுகு அப்படியே மாமியாரின் முதுகு. கைக்கு அது தெரிந்துவிட்டது போல, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் எந்த இடத்தில் விட வேண்டும் என்று தானாகவே வேலை பார்த்தது. சொன்ன பேச்சுக் கேட்காத தன் கையின் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"எவ்வளவு பதமா வாருற" என்றாள் நாத்தனார். "எனக்கு இப்படி வாரிவிட்டு எத்தனை நாளாச்சு."

டிரைவரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னலை முடித்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கி இறக்கி, மர நிழலில் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார வைத்தார்கள். துண்டும் மாற்றுத்துணியும் வைத்த பையை மடியில் கொடுத்தாள் டிரைவரம்மா. கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வைத்தாள். கொலைகாரி இல்லையே அவள்.

"கார் சொல்லியிருக்கேன் அண்ணி. வந்து உங்களைத் தூக்கி வெச்சுக் கூட்டிட்டு வரும். நாங்க முன்னாடி போய் நல்ல எடமாப் பாத்து வெக்கிறோம்."

"சீக்கிரம் வருமில்ல?"

"இதோ வந்துடும்."

போகிறபோது ஒரு தடவை திரும்பி மரத்தைப் பார்த்தாள். நிழல் எந்தப் பக்கம் நகரும், எப்போது நாற்காலியை விட்டுப் போகும் என்பதெல்லாம் பேருந்தை வெயிலில் நிறுத்தி நிறுத்தி அவளுக்கு அத்துப்படி. தெரியாமல் செய்தாள் என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். தெரிந்தேதான் அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டாள்.

கடல் பெரியதாக இருந்தது. முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். இனித்ததா என்று கேட்டால், ஆமாம், இனித்தது, பொய் சொல்வானேன்? ஒவ்வொரு அலை வந்து காலில் மோதும்போதும், உட்காரு, உட்காரு, நீயும் உட்கார்ந்து பார் என்று சொல்லிக்கொண்டாள். அத்தை, இதுதான் கடல் என்று ஒரு தடவை வாய்விட்டும் சொன்னாள்.

பிழை திருத்துபவர் மணலில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா இன்னும் வரலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னார். சூரியன் உச்சிக்கு வந்த பிறகு எழுந்து அவளருகே வந்தார்.

"நீ கார் சொல்லவே இல்ல, இல்லியா?"

"இல்ல."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. டிரைவரம்மா அவரை நேராகப் பார்த்தாள்.

"உங்கம்மா வாசல்ல உக்காந்திருந்தப்போ ஒரு நாளாவது அக்காகிட்ட ஏன் வரலைன்னு கேட்டீங்களா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அதோ பாதை. போய் உங்கக்காவைக் கூட்டிட்டு வாங்க. உங்களை யாரு புடிச்சு வெச்சிருக்கா?"

அவர் விறுவிறுவென்று நடந்தார். பரவாயில்லையே, மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது என்று அவளே ஒரு கணம் அசந்துபோனாள். மேட்டின் மேலே ஏறினார், அங்கேயே வெகுநேரம் நின்றார். அப்புறம் திரும்பி வந்தார். கையில் இரண்டு பொட்டலம் வேர்க்கடலை.

"தூக்கணும்னா ரெண்டு பேர் வேணுமே" என்றார் மெதுவாக. "நீ கோவம் தணிஞ்சு வருவேன்னு பாத்தேன்."

அவள் ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கொறித்தார்கள். பொழுது இறங்கத் தொடங்கிய பிறகுதான் கிளம்பினார்கள்.

கேரவன் கண்ணில் பட்டபோதே நாற்காலியும் தெரிந்தது. நிழல் வண்டியைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. நாத்தனார் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள். பை மடியிலேயே இருந்தது. பிஸ்கட் பிரிக்கப்படவில்லை. முகத்தின் ஒரு பாதி வெயிலில் செக்கச்செவேலென்று வெந்து போயிருந்தது.

பக்கத்து வண்டிக்காரி ஓடி வந்தாள். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க! நிழலுக்கு நகத்துறேன்னேன், ஒரேயடியா மாட்டேன்னுட்டாங்க. உள்ள வந்து படுங்கன்னேன், அதுக்கும் மாட்டேன்னுட்டாங்க. எடம் மாறினா கார் தேடுமாம்."

டிரைவரம்மாவின் காலில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. அப்படியே நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். பிழை திருத்துபவர் வண்டிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"கார் வரல" என்றாள் நாத்தனார்.

இந்த நிமிஷத்துக்காக வருஷக்கணக்கில் வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை தயாராக இருந்தது.

"உங்கம்மாவுக்கும் வரல, அண்ணி."

நாத்தனார் கண்ணை இடுக்கி அவளைப் பார்த்தாள். கத்தவில்லை, சபிக்கவில்லை.

"தெரியும். மத்தியானமே தெரிஞ்சுபோச்சு" என்றாள். உதடு வெடித்திருந்தது, பேச்சு மெதுவாக வந்தது. "அம்மாவும் இப்படித்தான் பையை மடியில வெச்சுக்கிட்டு இருந்தாளா?"

"இப்படித்தான். இதே மாதிரி."

"என்னைத் திட்டினாளா?"

திட்டினார்கள், வயிறெரிந்து சபித்தார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் உண்மை அதைவிட ஆழமாக இறங்கும் என்று டிரைவரம்மாவுக்குத் தெரியும்.

"ஒரு வார்த்தை திட்டல. 'அவளுக்கு என்ன தலைபோற வேலையோ, பாவம் எம்பொண்ணு'ன்னு சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க. கடைசித் தடவையும் அதையேதான் சொன்னாங்க."

நாத்தனாரின் முகம் உடைந்தது. சாவு வீட்டில் அழுத அழுகை இல்லை இது. சத்தமே வரவில்லை. வாய் கோணிக்கொண்டது, வெந்த கன்னத்தில் கண்ணீர் இறங்கியபோது எரிந்திருக்க வேண்டும், அவள் துடைக்கவில்லை. டிரைவரம்மா நின்று பார்த்தாள். இதைத்தானே பார்க்க ஆசைப்பட்டாள். நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"நாள் பூரா தனியாவா உக்காந்திருந்தா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"தனியா ஏன் உக்காரணும்?" டிரைவரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன செத்தா போயிட்டேன்? நீங்க வரலைன்னா அவங்களுக்கு நாதியில்லாம போயிடுமா? லீவு போட்டுட்டு நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். வாசல்ல வெயில் வந்தா நாற்காலியை நகத்தினேன். மறுபடி வந்தா மறுபடி நகத்தினேன். தொண்டை காயாம மோர் கலக்கிக் குடுத்தேன். பஸ்ல நடந்த கூத்தெல்லாம் சொல்லிச் சிரிக்க வெச்சேன். கால் மரத்துப்போச்சுன்னா மடியில போட்டு அமுக்கினேன். இருட்டுற வரைக்கும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரல. ஒரு நிமிஷம் அவங்களைத் தனியா விட்டிருப்பேனா நான்?"

மூச்சு வாங்கியது அவளுக்கு. நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மடியிலிருந்த பையைக் கொஞ்சம் சரிப்படுத்திக்கொண்டு, வெயில் படாத பாதி முகத்தை அவள் பக்கம் திருப்பினாள்.

"குடுத்து வெச்சவ அம்மா" என்றாள்.